வழிகாட்டியும் கண்காணியும் ஒரே ஆளாக இருக்கலாமா?

"எனக்கு ஒரு நல்ல மென்டர் கிடைச்சா போதும் அக்கா" என்று என்னிடம் சொல்லும் தம்பி தங்கைகள் இப்போது அதிகம். கல்லூரி விடுதிகளிலும், நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பு வட்டங்களிலும் இந்தச் சொல் அடிக்கடி காதில் விழுகிறது. ஆனால் இணையத்தில் இயங்கும் தன்னார்வக் குழுக்களில் போய்ச் சேரும்போது அவர்களில் பலருக்கு முதலில் கிடைப்பது வழிகாட்டி இல்லை, மேற்பார்வையாளர். இரண்டு பேரும் வேறு வேறு வேலைக்கானவர்கள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. மூன்று மாதத்தில் மனம் வெறுத்து வெளியே வந்துவிடுகிறார்கள். வரும்போது அந்தக் குழுவைக் குறை சொல்வதில்லை. "எனக்கு எழுத வராதுக்கா" என்று தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

இணையத் தன்னார்வக் குழு என்று நான் சொல்வது விக்கிப்பீடியா போன்ற கலைக்களஞ்சியங்களை எழுதுபவர்கள், பழைய நூல்களை மின்னாக்கம் செய்பவர்கள், திறந்த வரைபடங்களில் ஊர்களையும் தெருக்களையும் குறிப்பவர்கள், மென்பொருட்களைத் தமிழாக்குபவர்கள் போன்றோரை. நாளைக்கு ஒரு மாணவர் தன் ஊரைப் பற்றியோ ஒரு தலைவரைப் பற்றியோ தேடினால் என்ன கிடைக்கும் என்பதை இவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு வரைபடத்தில் ஊர் இருந்து காலனி இல்லாமல் போவதும் இங்கேதான் நடக்கிறது. 2015 முதல் ஏப்ரல் மாதத்தைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடத் தொடங்கிய தலித் பெண்கள், விக்கிப்பீடியாவில் கூட்டாக அமர்ந்து கட்டுரை எழுதுவதையும் தங்கள் வேலைகளில் ஒன்றாக வைத்துக்கொண்டது இதனால்தான்.

இந்த இடங்களில் ஊதியம் இல்லை. அதனால் இடஒதுக்கீடும் இல்லை. இனச்சுழற்சிப் பட்டியல் இல்லை, தொழிற்சங்கம் இல்லை. யாருக்கு மடிக்கணினியும் ஓய்வு நேரமும் ஆங்கிலமும் வாய்த்திருக்கிறதோ அவர்கள் முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். முதலில் வந்தவர்கள் விதி எழுதுகிறார்கள். பின்னால் வருபவர்கள் அந்த விதிக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சமூகம் ஏற்கனவே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறதோ, அந்த அடுக்கிலேயே ஆட்கள் வந்து சேர்கிறார்கள்.

விக்கிப்பீடியாவையே எடுத்துக்கொள்வோம், எல்லோருக்கும் தெரிந்தது என்பதால். ஆங்கில விக்கிப்பீடியா 2001 இலும் தமிழ் விக்கிப்பீடியா 2003 இலும் தொடங்கின. யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் ஒரு பக்கத்தை நீக்க, யாரும் தொகுக்க முடியாதபடி பூட்ட, ஒரு பயனரைத் தடை செய்ய நிர்வாகிகளால்தான் முடியும். இவர்களைச் சமூகமே தேர்ந்தெடுக்கிறது. ஒரு கட்டுரையில் என்ன இருக்க வேண்டும் என்பதில் நிர்வாகியின் கருத்துக்கு மற்றவர் கருத்தைவிடக் கூடுதல் மதிப்பு கிடையாது என்பது அங்குள்ள கொள்கை. இதுதான் மேற்பார்வைப் பாத்திரம்.

வழிகாட்டிகள் வேறு. பல மொழி விக்கிப்பீடியாக்களில் புதிதாகக் கணக்குத் தொடங்குபவருக்கு ஒரு முகப்புப் பக்கம் வரும். அதில் ஒரு வழிகாட்டியின் பெயர் இருக்கும், அவரிடம் கேள்வி கேட்கலாம். ஆங்கிலத்தில் 2012 இல் புதியவர்களுக்கென்றே ‘தேநீர்க் கடை’ என்று ஒரு பகுதியைத் தொடங்கினார்கள். அங்கே பதில் சொல்பவர், பதில் சொல்பவர் என்பதாலேயே உங்கள் பக்கத்தை அழிக்க முடியாது. புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்று ஒரு வழிகாட்டு நெறியே அங்கே உண்டு. அப்படி ஒன்றை எழுதி வைக்கும் அளவுக்குக் கடி இருந்திருக்கிறது என்றுதானே பொருள்?

இருந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுபவர்களின் எண்ணிக்கை 2007 வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு பல ஆண்டுகள் சரிந்துகொண்டே போனது. ஏன் என்று ஆரோன் ஹாஃப்பேக்கரும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டார்கள். விஷமம் செய்பவர்களைத் தடுக்கக் கட்டிய தானியங்கிக் கருவிகளும் இறுகிப்போன விதிகளும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்களையும் சேர்த்துத் தூக்கி எறிந்தன. முதல் திருத்தமே தூக்கி எறியப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. மேற்பார்வை மட்டும் வளர்ந்து வழிகாட்டல் வளராத இடத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் நிர்வாகிப் பொறுப்பின் அடையாளம் தரை துடைக்கும் துடைப்பான். ‘நாங்கள் அதிகாரிகள் இல்லை, துப்புரவாளர்கள்தான்’ என்று அவர்கள் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்வார்கள். இதை முதன்முதலில் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். துடைப்பத்தைப் பிறப்பின் பேரால் கையில் திணித்த நாட்டில், அதை விரும்பி வாங்கிக்கொண்டு அதனால் பெருமை பெறுவது யாருக்குச் சாத்தியம் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே அந்தத் துடைப்பானைக் கேட்டு வாங்க வேண்டும், வாக்கெடுப்பு நடக்கும், பலர் தோற்றுப் போவார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவாகக் கூடிப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். நல்ல தமிழ்ப் பெயர்தான். ஆனால் ஊர் ஆலமரத்தடியில் நம் தாத்தாக்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள். இணையத்து ஆலமரத்தடியில் யாரும் உட்காரலாம் என்பது பெரிய மாற்றம்தான். அந்த மாற்றம் நிஜமாக வேண்டுமானால், உட்காருவது எப்படி என்று சொல்லித்தர ஆள் வேண்டும்.

எனக்குத் தெரிந்த தங்கை ஒருத்தியின் அனுபவத்தைச் சொல்கிறேன். வரலாறு இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தாள். உள்ளூர் வரலாறுகளைத் தொகுக்கும் ஒரு தன்னார்வ இணையத் திட்டத்தில் சேர்ந்தாள். திட்டத்தின் பெயர் இங்கே தேவையில்லை. தன் சேரியில் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் இரவுப் பள்ளி நடத்திய ஒரு பெரியவரைப் பற்றி எழுதிப் போட்டாள். சில மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். "போதிய சான்று இல்லை" என்று ஒரே ஒரு வரி. மறுபடி போட்டாள். "ஏற்கனவே சொல்லியாச்சு" என்று பதில். மூன்றாவது முறை போட்டதும் ஒரு வாரத் தடை.

அந்த மேற்பார்வையாளர் விதியை மீறவில்லை. சான்று இல்லாமல் எதையும் ஏற்றக் கூடாது என்பது அந்தத் திட்டத்தின் விதி. அந்த விதி நமக்கும் தேவை. இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆதிக்கச் சாதிச் சங்கமும் தன் ஆண்ட பரம்பரைக் கதையை அங்கே கொண்டுவந்து கொட்டும். ஆனால் சான்று என்றால் என்ன, ஒரு சேரியில் அது எங்கே கிடைக்கும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அவளுடைய ஆயாவே சான்று. ஆயா அந்தப் பள்ளியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எழுதப் படித்தவர்.

அதே திட்டத்தில் இன்னொருவர் இருந்தார். ஓய்வு பெற்ற நூலகர். அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, எதையும் நீக்கவோ மீட்கவோ முடியாது. தடை முடிந்த பிறகு அவராக அவளுக்கு எழுதினார். "அவர் சொன்ன விதி சரிதான்மா. சொன்ன விதம்தான் சரியில்ல. நீ நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு" என்று ஆரம்பித்தார். அந்தப் பள்ளி பிறகு என்ன ஆயிற்று? அரசு எடுத்துக்கொண்டதா? கட்டடத்தில் கல்வெட்டு உண்டா? பெரியவர் இறந்தபோது யாராவது நினைவு மலர் போட்டார்களா?

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு கதவு. சென்னை மாகாணத்தில் 1920 வாக்கிலிருந்து ஒடுக்கப்பட்டோருக்கான பள்ளிகளைத் தொழிலாளர் ஆணையரின் துறை நடத்தியது. அந்த மரபில் வந்தவைதான் பின்னாளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். ஆகவே பள்ளி அரசிடம் போயிருந்தால் எங்கோ ஒரு கோப்பில் அதன் பெயர் இருக்கும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, கன்னிமாரா நூலகம் இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. எங்கே எதைக் கேட்க வேண்டும், விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். அவளுக்காக ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. அவளுக்காக மேற்பார்வையாளரிடம் சண்டைக்கும் போகவில்லை. முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம் என்று ஒரு வழி இருப்பதை மட்டும் காட்டினார்.

கடைசியில் பள்ளிச் சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் ஒரு கல் கிடைத்தது. மாவட்ட அலுவலகத்தில் ஒரு பழைய பட்டியலும் கிடைத்தது. அவள் முதலில் எழுதியது நான்கு பக்கம். இப்போது அங்கே நிற்பது ஐந்து வரி. ஆனால் அந்த ஐந்து வரியை யாராலும் நீக்க முடியாது. அவள் அன்றைக்கு என்னிடம் சொன்னது: "அந்த ஐயா மட்டும் இல்லன்னா நான் பொய் சொல்றேன்னு நானே நம்பியிருப்பேன்க்கா." அவர் எந்தச் சாதி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வழிகாட்டியின் வேலையும் மேற்பார்வையாளரின் வேலையும் எங்கே பிரிகின்றன என்று இப்போது சொல்லலாம். மேற்பார்வையாளர் பார்ப்பது வேலையை. இது விதிப்படி இருக்கிறதா, மற்றவர்களுக்குத் தீங்கு செய்யுமா என்பது அவர் கேள்வி. அவருடைய பொறுப்பு ஒட்டுமொத்தத் திட்டத்துக்கு. வழிகாட்டி பார்ப்பது ஆளை. இந்த ஆளுக்கு இப்போது எது தெரியவில்லை, அடுத்த படி எது என்பது அவர் கேள்வி. மேற்பார்வையாளரிடம் போகும்போது நாம் தயாராகப் போகிறோம். வழிகாட்டியிடம் தயாராகாமலே போகலாம், அசட்டுக் கேள்வி கேட்கலாம். அந்த உரிமைதான் வழிகாட்டலின் உயிர். நாளைக்கு என்னைத் தடை செய்யப் போகிறவரிடம் நான் எப்படி அசட்டுக் கேள்வி கேட்பேன்?

இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அதற்குக் கங்காணி என்று பெயர். ஊருக்கு வந்து ஆள் சேர்த்தவர் அவர். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவர் அவர். தோட்டத்தில் வேலை வாங்கியவரும் அவர், துரையிடம் பேசியவரும் அவர், கல்யாணம் சாவுக்கு முன்னால் நின்றவரும் அவர். தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். பெரிய கங்காணிகளில் பலர் அவர்களுக்கு மேல் வைக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். கடன் கணக்கு ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும். அந்தத் துண்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழிக்க 1921 வரை ஆனது. கங்காணி அன்பாகப் பேசியிருக்கலாம், உண்மையிலேயே உதவியிருக்கலாம். ஆனால் உதவியும் தண்டனையும் ஒரே கையில் இருந்ததால், வாங்கிய உதவி ஒவ்வொன்றும் கடனானது.

நம் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட நெறியாளர் இன்றும் ஏறக்குறைய அப்படித்தான். ‘கைடு’ என்று சொல்கிறோம். அவரே கற்றுத்தர வேண்டும், அவரே உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ஆய்வேட்டை அனுப்பலாமா என்று அவரே முடிவு செய்ய வேண்டும். சேலம் மாவட்டத்திலிருந்து ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமாருக்கு அந்த ஒரு நெறியாளர்கூட ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் அவரை இழந்தோம். அதே வளாகத்தில் 2016 ஜனவரியில் ரோகித் வெமுலாவை இழந்தோம். வழிகாட்டல் என்பது வசதி உள்ளவர்களின் கூடுதல் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நினைவுபடுத்த விரும்புகிறேன். வீட்டில் முதல் பட்டதாரியாக வருபவருக்கு அது மூச்சு.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையில் இந்த இரண்டு வகையினரும் தனித்தனியாகத் தெரிகிறார்கள். 1907 இல் அவர் மெட்ரிக் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தான் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குக் கொடுத்தவர் கேலுஸ்கர் என்ற ஆசிரியர். பரோடா மன்னரிடம் அறிமுகப்படுத்தி மாதம் 25 ரூபாய் உதவி கிடைக்கச் செய்தவரும் அவர்தான். அதற்குக் கைம்மாறாக அவர் எதையும் கேட்கவில்லை. பரோடா அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா போனபோது பத்தாண்டுகள் அந்த அரசுக்கு வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. அந்த வேலைக்குத் திரும்பி வந்தவர் தங்க இடம் கிடைக்காமல் அவமானப்பட்டதும் நமக்குத் தெரியும். லண்டனில் அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன். 1923 இல் வெளிவந்த ரூபாய் பற்றிய நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையில், அம்பேத்கரின் வாதங்களில் பெரும்பாலானவற்றைத் தான் ஏற்கவில்லை என்றே எழுதினார். ஆனால் மாணவருடைய சிந்தனையின் புதுமையையும் சேர்த்துச் சொன்னார். ஒரு நல்ல மேற்பார்வையாளருக்கு இதற்குமேல் இலக்கணம் வேண்டுமா? உடன்படாத வேலையையும் அது தகுதியானது என்றால் உள்ளே விடுவதுதான் அவர் கடமை.

தொலைவிலிருந்து வழிகாட்டுவது இணையம் கண்டுபிடித்த ஒன்றும் அல்ல. 1907 இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழில் அயோத்திதாசப் பண்டிதர் வாசகர்களின் கேள்விகளுக்கு வாரந்தோறும் பதில் எழுதினார். கோலார் தங்கவயலிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் கேட்டார்கள். 1914 இல் அவர் மறைந்தபின், தங்கவயலில் அப்பாதுரையார் 1926 இல் அதே பெயரில் இதழை மீண்டும் நடத்தினார். வழிகாட்டல் வெற்றி பெற்றதா என்று பார்க்க இதுதான் அளவுகோல்: கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நடத்துபவர்களாக மாறினார்களா?

வழிகாட்டி என்றாலே நல்லவர் என்றும் நினைத்துவிடாதீர்கள். "உன்னை நான் வளர்த்துவிடுறேன்" என்று வருபவர்களில் மூன்று வகையினரிடம் எச்சரிக்கை வேண்டும். உங்கள் வேலையைத் தன் பெயரில் காட்டிக்கொள்பவர் முதல் வகை. உங்கள் வலியை மட்டும் கேட்டு வாங்கி, உங்கள் கருத்தைக் கேட்காதவர் இரண்டாம் வகை. இவருக்கு நீங்கள் எப்போதும் ‘அனுபவம்’, அவர் எப்போதும் ‘ஆய்வு’. மூன்றாவது வகையைப் பெண் தோழர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். பொதுவில் பேச வேண்டியதை நள்ளிரவில் தனிச்செய்தியில் பேசுபவர். இந்த இடத்தில்தான் மேற்பார்வையாளர் தேவைப்படுகிறார். வழிகாட்டி எல்லை மீறும்போது போய்ச் சொல்ல, அவரோடு தொடர்பில்லாத, அதிகாரம் உள்ள இன்னொருவர் வேண்டும். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி எழுதுபவரை அன்பான வழிகாட்டலால் நிறுத்த முடியாது. அவரைத் தடை செய்ய வேண்டும்.

அதனால் நான் மேற்பார்வைக்கு எதிரி அல்ல. என் வருத்தம் வேறு. முதலில் சொன்ன அந்தத் தங்கை இப்போது நான்கு ஆண்டுகளாக அந்தத் திட்டத்தில் இருக்கிறாள், இருபது பேருக்கு மேல் கற்றுக்கொடுத்திருக்கிறாள். மேற்பார்வைப் பொறுப்புக்கு விண்ணப்பித்தபோது "இன்னும் கொஞ்சம் அனுபவம் வரட்டும்" என்றார்கள். அவளுக்குப் பின்னால் சேர்ந்த இருவருக்கு அதே பொறுப்பு கிடைத்தது. நமக்கு வழிகாட்ட ஆள் கிடைக்கிறார்கள், சாவியைக் கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. நம்மை எப்போதும் கற்றுக்கொள்பவராகவே வைத்திருப்பதும் ஒரு வகைத் தள்ளிவைப்புதான். அவள் மறுபடி விண்ணப்பிக்கப் போகிறாள். இந்த முறை தான் செய்த வேலைகளைத் தேதிவாரியாகப் பட்டியலிட்டு, யார் யாருக்கு எந்த அடிப்படையில் பொறுப்பு தரப்பட்டது என்றும் கேட்கப் போகிறாள்.

தன்னார்வக் குழு ஒன்றில் சேரும் தோழர்கள் முதல் வாரத்திலேயே சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இங்கே எனக்குச் சொல்லித்தருபவர் யார், என் வேலையை நீக்கக்கூடியவர் யார்? இருவரும் ஒருவரேவா? நீக்கினால் காரணம் எழுத்தில் வருமா, அதற்கு மேல் யாரிடம் முறையிடலாம்? வழிகாட்டியை மாற்றிக்கொள்ள முடியுமா? மேற்பார்வையாளர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்கள் பொறுப்புக்குக் கால வரம்பு உண்டா? பதில் கிடைத்தால் தைரியமாக வேலை செய்யுங்கள். பதிலே இல்லையென்றால் அதைக் குழுவின் பொதுப் பக்கத்தில் கேள்வியாகவே எழுதி வையுங்கள்.

நீங்களே குழு தொடங்குவதாக இருந்தால், பத்துப் பேர் இருந்தாலும் போதும், இந்த இரண்டு பொறுப்புகளையும் இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஆட்களை மாற்றுங்கள். ஒருவரைத் தடை செய்யும் முடிவை ஒரே ஆள் எடுக்க விடாதீர்கள். புதிதாக வந்தவர் கேட்கும் முதல் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லுங்கள். அந்த முதல் பதிலுக்காகக் காத்திருந்து திரும்பிப் போனவர்கள் நம்மில் ஏராளம்.

ஜெய்பீம்.